ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனா என்ற சம்சாரத்தால எந்திரிக்க முடியலைங்க

சோமனூர்_தறி எழுதியது:

வணக்கமுங்க. சோமனூர் பக்கம் நாங்க. பன்னண்டு தறி கூலிக்கு ஓட்டறோம். என்ற சம்சாரத்துக்கு 38 வயசு. 2021 மே மாசக் கடைசியில, சென்னையைக் காட்டிலும் கோயமுத்தூர் மாவட்டத்துல தினசரி கேசு அதிகமா வந்துச்சே, அப்ப எங்க வீட்டுல நாலு பேருக்கும் கொரோனா. அவளுக்குத்தான் இருக்கறதுலயே கம்மி. மூணு நாள் காய்ச்சல், வாசம் தெரியலை, அவ்வளவுதான். ஆசுபத்திரிக்கே போகலை.

ஆடி முடிஞ்சு ஆவணியில ஆரம்பிச்சதுங்க. அதுக்கு முன்னாடி காலைல நாலரைக்கு எந்திரிச்சு ரெண்டு மாட்டுல பால் கறந்து, சோறாக்கி, பசங்களை அனுப்பிட்டு, தார் சுத்த உக்காந்தான்னா மத்தியானம் வரைக்கும் எந்திரிக்க மாட்டா. இப்ப தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டா அன்னைக்குப் பூரா படுக்கைதான். அடுப்புகிட்ட நின்னா கிறுகிறுன்னு வருதுங்கறா. ஒம்போது மணி நேரம் தூங்கறா, எந்திரிக்கும்போது தூங்காதவ மாதிரி இருக்கறா. சீப்பைக் கையில வெச்சுக்கிட்டு அது பேரு வரமாட்டேங்குதுன்னு ஒரு நாள் அழுதா.

ரத்தம், சர்க்கரை, இசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு. நார்மல். ஒரு டாக்டர், மனசுதான் காரணம், தினமும் நடங்க, வாரா வாரம் தூரத்தைக் கூட்டுங்கன்னாரு. பத்து நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்தா. பொறகு மூணு வாரம் கக்கூசுக்குக்கூட நான் புடிச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன்.

எங்கம்மா அவளுக்கு வேலைக்கு ஒடம்பு வணங்கலைங்கறாங்க. சொந்தக்காரங்க மந்திரிச்சுப் பாக்கச் சொல்றாங்க. நானும் ரெண்டு தடவை எங்கம்மா மாதிரியே பேசிட்டேன். அதைச் சொல்லாம இதை எழுத மனசு வரலைங்க.

ஒன்னு மட்டும் கவனிச்சேன். தினசரி காலண்டர்ல ரெண்டு மாசமா குறிச்சு வெச்சிருக்கறேன். ஞாயித்துக்கிழமை கொஞ்சம் நல்லா இருக்குதுன்னு வேலை செஞ்சான்னா, திங்கக்கிழமை ஒன்னும் தெரியறதில்லை. செவ்வாய்க்கிழமைதான் விழறா. இது என்ன சீக்குங்க? எதனால வருது?

ஈரோடு_செவிலி எழுதியது:

தம்பி, நான் முப்பது வருசம் அரசு ஆஸ்பத்திரி வார்டுல வேலை பாத்து ஓய்வானவ. செவ்வாய்க்கிழமை விழறாங்கன்னு எழுதினீங்களே, அதை மொதல்ல புடிச்சுக்கிட்டேன். அதுக்குப் பொறகு வர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. "எல்லாம் நார்மல்"னா எதெது? அந்தப் பேப்பரை எடுத்துப் பாருங்க.

ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டின், அதாவது ஒடம்புல சேத்து வெச்சிருக்கற இரும்புச்சத்து, பாத்தாங்களா? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி நம்ம மாநிலத்துல 15லிருந்து 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், பி12, கல்லீரல், கிட்னி, இஎஸ்ஆர், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் இருக்கணும். பொழுதோட லேசா காய்ச்சல், எடை குறையறது இருந்தா காசநோயை ஒதுக்கியே ஆகணும். பெருந்துறை சானட்டோரியத்தைப் பாத்து வளந்த ஊருக்காரங்க நாம, அதை லேசா விடக்கூடாது. ராத்திரி பலமா குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வருதான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும், அவங்களுக்குத் தெரியாது.

மனச்சோர்வான்னும் பாக்கணும், அதுல வெக்கப்பட ஒன்னுமில்லை. மனச்சோர்வுல எதுலயும் பிடிப்பு இல்லாமப் போயிடும். உங்க சம்சாரம் எப்படி? செய்யணும்னு ஆசை இருந்தும் ஒடம்பு கேக்கலையா, ஆசையே இல்லையா? ரெண்டும் சேந்தும் வரும்ங்கறதையும் மறக்காதீங்க.

சோமனூர்_தறி எழுதியது:

ஆசை இல்லாமயாங்க்கா. நான் தறிக்குடோனுக்குப் போனதும் எந்திரிச்சு பாத்திரம் வெளக்கிட்டு, செய்யலைன்னு பொய் சொல்றா. டிஎஸ்ஹெச்சும் ஃபெரிட்டினும் பேப்பர்ல இல்லை. நாளைக்கே எடுத்துடறோம்.

தாராபுரம்_மாமா எழுதியது:

மாப்ள, கோவிச்சுக்காதீங்க. எங்காத்தா பொழுது விடியறதுக்குள்ள ஒரு வண்டி சோளத்தட்டு அறுத்தவங்க. அவங்களுக்கு இந்தச் சடவெல்லாம் வந்ததில்லை. படுக்கப் படுக்க ஒடம்பு இறுகிப் போகும். கம்மங்கூழு, முருங்கைக்கீரை, காலைல ஒரு மைல் நடை. மெல்ல மெல்லக் கூட்டினா ஒடம்பு பழகிக்கும். நல்லதுக்குத்தான் சொல்றேன்.

திருப்பூர்_செக்கிங் எழுதியது:

மாமா, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்கன்னு தெரியுது. அதே நல்லதைக் கேட்டுத்தான் நான் விழுந்தேன். அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

பனியன் கம்பெனியில பத்து வருசம் செக்கிங். காலைல எட்டரைக்கு டேபிள் முன்னாடி நின்னா, ராத்திரி எட்டரை. ஒன்னரை ஷிப்ட்டு. 2017ல டெங்கு வந்துச்சு. தட்டணு எல்லாம் சரியாகி வீட்டுக்கு வந்து மூணாவது வாரம் வேலைக்குப் போயிட்டேன், சனிக்கிழமை சம்பளம் வேணுமே. போன மொத வாரத்துல ஒன்னும் தெரியலை. அப்பறம் ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் லீவு, ரெண்டு நாள் லீவு. மேஸ்திரி, காய்ச்சல் போய் மூணு மாசம் ஆச்சு, இன்னும் என்ன நடிப்புன்னு கேட்டாரு. நடிக்கறனோன்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு. அதை நிரூபிக்கறதுக்காகவே தீபாவளி ஆர்டர் நேரத்துல ஆறு நாள் ராத்திரி பன்னண்டு வரைக்கும் நின்னேன். ஏழாவது நாள் எந்திரிக்கலை. அதுக்கு முன்னாடி இருந்த ஒடம்பு இன்னைக்கு வரைக்கும் திரும்பலை.

சாதாரண அசதின்னா வேலை செய்யறப்பவே வரும், தூங்கி எந்திரிச்சா போயிடும். இது அப்படி இல்லை. செய்யற நேரத்துல ஒடம்பு சும்மா இருக்கும். ஒரு நாளோ ரெண்டு நாளோ கழிச்சுத்தான் அடி விழும். தொண்டை வலி, கழுத்துல நெறி கட்டற மாதிரி, கை கால் பூரா மாவு மாதிரி. டிவி சத்தம் தாங்காது. சமயத்துல வாரக்கணக்குல இழுக்கும். ஒடம்பு வேலைன்னு இல்லை, ஒரு மணி நேரம் கவர்மெண்டு பாரத்தை நிரப்பினாக்கூட இதேதான். அழுதாலும் இதேதான்.

நம்ம தோட்டத்துல தண்ணி கம்மியான போர்ல எப்படி மோட்டார் ஓட்டுவாங்க? கால் மணி நேரம் ஓட்டி நிறுத்திட்டு, ஊறவிட்டு, மறுபடி ஓட்டுவாங்க. காத்து வாங்கற வரைக்கும் ஓட்டினா அன்னைக்குக் கொஞ்சம் கூடத் தண்ணி வரும், ஆனா காயில் புகைஞ்சிடும். நான் இப்ப அப்படித்தான் இருக்கறேன். வீட்டுலயே பிசிறு வெட்டற வேலை. இருபது நிமிசம் வெட்டி, இருபது நிமிசம் கண்ணை மூடிப் படுத்து, மறுபடி இருபது. சடவு வந்தப்பறம் நிறுத்தறதில்லை, வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தறேன். நல்லா இருக்கற நாள்லயும் அதே கணக்குதான், அதுதான் இருக்கறதுலயே கஷ்டம். காலைல எந்திரிக்காமயே நாடி எண்ணிக்குவேன், அதுக்கு மேல பதினஞ்சு ஏறுச்சுன்னா கையில இருக்கறதைக் கீழ வெச்சிடுவேன். இது எனக்கு நானே வெச்சுக்கிட்ட அளவு. எல்லாருக்கும் இதே பொருந்தும்னு சொல்ல மாட்டேன்.

அண்ணா, அக்கா பாத்திரம் வெளக்கிட்டுப் பொய் சொல்றாங்கன்னு எழுதினீங்களே. நானும் மேஸ்திரிகிட்ட அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கறேன். அவங்களை ஒன்னும் கேக்காதீங்க. பாத்திரத்தை நீங்களே வெளக்கி வெச்சிட்டுக் குடோனுக்குப் போங்க.

கோவை_பிசியோ எழுதியது:

இதுக்கு மருத்துவத்துல பேரு இருக்கு. எம்இ/சிஎஃப்எஸ், தமிழ்ல நாள்பட்ட சோர்வு நோய்க்குறின்னு எழுதறாங்க. அந்தத் தமிழ்ப் பேரும் சரி, ஆங்கிலப் பேரும் சரி, எனக்குப் பிடிக்கலை. சோர்வுன்னு கேட்டதும் எல்லாரும் "எனக்கும்தான் சோர்வா இருக்கு"ன்னு சொல்லிடறாங்க.

2015ல அமெரிக்காவோட இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் அமைப்பு ஒன்பதாயிரத்துக்கு மேல ஆய்வுக் கட்டுரைகளைப் படிச்சுட்டு ஒரு வரையறை கொடுத்துச்சு. முன்ன செஞ்சதையெல்லாம் செய்ய முடியாத அளவுக்குச் சோர்வு ஆறு மாசத்துக்கு மேல, உழைப்புக்கு அப்பறம் வர்ற சரிவு, தூங்கியும் தெளியாத ஒடம்பு. இந்த மூணும் இருக்கணும். கூடவே மூளை மந்தமாகறதோ, நிமிந்து நின்னா மோசமாகறதோ, ரெண்டுல ஒன்னு. சோமனூர் அண்ணா எழுதின மொதப் பதிவுல இத்தனையும் இருக்கு. ஆனா நோயை முடிவு பண்ண வேண்டியது டாக்டர்தான், நான் இல்லை.

மாமா சொன்ன நடை விஷயம் என் தொழில். அதனால இதைச் சொல்ற கடமை எனக்கு உண்டு. படிப்படியா பயிற்சியைக் கூட்டற முறையை நாங்களும் ஒரு காலத்துல படிச்சோம். 2011ல பிரிட்டன்ல 641 பேரை வெச்சு பேஸ்னு ஒரு ஆய்வு நடத்தி, இது பலன் தருதுன்னு லான்செட் இதழ்ல போட்டாங்க. உலகம் பூரா டாக்டர்கள் அதை நம்பித்தான் "நடங்க"ன்னாங்க. நோயாளிகள் விடலை. தகவல் உரிமை கேட்டுப் போராடி, 2016ல தீர்ப்பாயம் சொன்னப்பறம் மூலக் கணக்கை வெளிய வாங்கினாங்க. "குணமாயிட்டாங்க"ங்கறதுக்கு மொதல்ல திட்டத்துல எழுதி வெச்ச அளவுகோலைப் பின்னாடி தளர்த்தியிருந்தாங்க. பழைய அளவுகோல்ல போட்டுப் பாத்தா பலன் பெருசா கரைஞ்சு போச்சு. 2021 அக்டோபர்ல, பிரிட்டன்ல டாக்டர்களுக்கு வைத்திய முறை வகுத்துக் கொடுக்கற நைஸ் அமைப்போட வழிகாட்டி அந்தப் பயிற்சி முறையை இந்த நோய்க்குக் கொடுக்கக்கூடாதுன்னே எழுதிடுச்சு.

ஏன் கூடாதுங்கறதுக்கு ஒரு பரிசோதனை இருக்கு. சைக்கிள் மிதிக்க விட்டு மூச்சுல ஆக்சிஜனை அளப்பாங்க. மறுநாளும் அதே மிதி. நல்லா இருக்கறவங்களுக்கு, ஏன், ஒடம்பு பழகாம உக்காந்தே இருக்கறவங்களுக்கும்கூட ரெண்டு நாளும் ஏறக்குறைய ஒரே அளவு வரும். இவங்களுக்கு ரெண்டாம் நாள் கீழ இறங்கிடும். ஒடம்பு இறுகிப் போனதுதான் காரணம்னா ரெண்டாம் நாள் இறங்க வேண்டியதில்லை.

பக்கவாதம், மூட்டு அறுவை ஆனவங்களை நான் தினமும் எந்திரிச்சு நடங்கன்னுதான் சொல்றேன், அது சரி. இந்த ஒரு நோய்ல அதைச் சொல்ல மாட்டேன்.

தாராபுரம்_மாமா எழுதியது:

சரிங்க. அந்தப் பொண்ணு மூணு வாரம் படுத்ததை நான் மொதல்ல சரியாப் படிக்கலை. நடைங்கற வார்த்தையை வாபஸ் வாங்கிக்கறேன். கீரை, கூழை வாங்கிக்க மாட்டேன். ஆனா ஒரு சந்தேகம். இத்தனை நாள் இல்லாத சீக்கு இப்ப எங்கிருந்து வந்துச்சு?

கோவை_பிசியோ எழுதியது:

இப்ப வந்ததில்லைங்க. 1934ல லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஆஸ்பத்திரி, 1948ல ஐஸ்லாந்துல அக்குரேரிங்கற ஊரு. 1955ல லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில 292 ஊழியர்கள் படுத்துட்டாங்க, ஜூலையிலிருந்து அக்டோபர் வரைக்கும் ஆஸ்பத்திரியையே மூடி வெச்சாங்க. மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ், சுருக்கமா எம்இங்கற பேரு அதுக்கு அடுத்த வருசம் வந்துச்சு. 1969ல உலக சுகாதார நிறுவனம் இதை நரம்பு மண்டல நோய்கள்ல சேத்துச்சு. அடுத்த வருசமே, 1970ல, ரெண்டு மனநல டாக்டர்கள் ராயல் ஃப்ரீல நடந்தது வெறும் மாஸ் ஹிஸ்டீரியா, ஒருத்தரைப் பாத்து ஒருத்தருக்குக் கூட்டமா வர்ற மனக்கோளாறுதான்னு எழுதினாங்க. ஒரு நோயாளியையும் நேர்ல பாக்கலை, பழைய பதிவேட்டைப் படிச்சுட்டு எழுதினது. படுத்தவங்கள்ல பெண்கள் அதிகம்ங்கறது அவங்க வெச்ச காரணங்கள்ல ஒன்னு. சோமனூர் அண்ணாகிட்ட "மனசுதான் காரணம்"னு சொன்ன டாக்டர் வார்த்தையோட வேர் அங்கதான் இருக்குதுன்னு எனக்குத் தோணுது.

காங்கேயம்_பட்டி எழுதியது:

நான் மாடு கன்னு வெச்சிருக்கறவன். சோமனூர்க்காரர் வீட்டுலயும் ரெண்டு மாடுன்னு படிச்சேன். மாட்டுல இருந்து மனுசனுக்கு வர்ற காய்ச்சல் எதாச்சும் இதுக்குக் காரணமா இருக்குமா? எங்க பட்டியில போன வருசம் ரெண்டு மாடு கொறமாசத்துலயே கன்னு வீசிருச்சு. அதுக்கப்பறம் என்ற தம்பிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், முதுகுவலி, ஒரே சடவு.

கோவை_நுண்ணுயிர் எழுதியது:

அண்ணா, உங்க தம்பியை இந்த வாரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மாடு கன்னு வீசினதையும் சேத்துச் சொல்லுங்க, கேக்காட்டியும் சொல்லுங்க. கன்று வீச்சு நோய் கிருமியான புருசெல்லா மனுசனுக்கும் வரும். காய்ச்சாத பால் வழியாவும் வரும், கன்னு போடறப்ப கையை விட்டு எடுக்கறதுலயும் வரும். ரத்தத்துல கண்டுபிடிக்கலாம், ஆன்டிபயாட்டிக்ல குணமாகும். அது எம்இ இல்லை, ஆனா எம்இன்னு நினைச்சு விட்டுடக்கூடாத நோய்.

நீங்க கேட்டதுக்கு நேரடிப் பதில் இன்னொரு கிருமியில இருக்கு. ஆடு மாட்டுல இருந்து வர்ற கியூ காய்ச்சல். காக்சியெல்லா பர்னெட்டிங்கற கிருமி. இளங்கொடியிலயும், அதாவது நஞ்சுக்கொடியிலயும், பனிக்குடத் தண்ணியிலயும் ஏராளமா இருக்கும், காஞ்சு புழுதியோட புழுதியா மூச்சுல போகும். ஆஸ்திரேலியாவுல டப்போன்னு ஒரு ஊரு. ஆடு மேய்ப்பும் கோதுமையுமா நம்ம காங்கேயம் மாதிரி விவசாயச் சீமை. அங்க கியூ காய்ச்சல், எப்ஸ்டீன் பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், மூணுல ஏதாச்சும் ஒன்னு வந்த 253 பேரை மொத நாள்லிருந்தே தொடர்ந்து பாத்தாங்க. 2006ல முடிவு வந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு சுமார் 11 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சோர்வு நோய்க்குறி. மூணும் வேற வேற கிருமி, ஒன்னு பாக்டீரியா, ரெண்டு வைரஸ், ஆனா பின்னாடி வந்த நோய் ஒன்னே! யாருக்கு வரும்னு எது முன்கூட்டியே காட்டுச்சுன்னா, ஆரம்பக் காய்ச்சல் எவ்வளவு கடுமைங்கறதுதான். அவங்க முன்னாடி இருந்த மனநிலை காட்டலை.

ராஸ் ரிவர் வைரஸ் நம்ம ஊர்ல இல்லை. அதோட நெருங்கின சொந்தம் சிக்குன்குனியா. 2006ல ஊரே கையைக் காலை மடக்க முடியாமக் கிடந்ததே, அதுதான். அதுல மூட்டு வலியே வருசக்கணக்குல நின்னவங்க உண்டு, அதை இதோட குழப்பிக்கக்கூடாது.

கொரோனாவுக்கு வந்தா, 2025ல அமெரிக்காவுல ரெக்கவர் ஆய்வுல தொற்று வந்தவங்கள்ல 4.5 சதவீதம் பேர் எம்இ/சிஎஃப்எஸ் வரையறைக்குள்ள வந்தாங்க. தொற்று வராதவங்கள்ல 0.6. சோமனூர் அக்காவுக்குக் காய்ச்சல் லேசுதான். கடுமையா வந்தவங்களுக்கு வாய்ப்பு அதிகம்ங்கறது கூட்டத்துக்குச் சொல்ற கணக்கு, லேசா வந்தா வராதுன்னு அர்த்தமில்லை.

கிருமி போனப்பறம் ஒடம்புக்குள்ள என்ன நடக்குதுங்கறது இன்னும் முடிவாகலை. எதிர்ப்பு சக்தி அடங்காம இருக்கு, செல்லுக்குள்ள சக்தி உண்டாகறதுல குறை இருக்கு, ரத்த ஓட்டத்தை நிர்வகிக்கற நரம்புல குறை இருக்குன்னு மூணு பக்கமும் ஆதாரம் வருது. 2025 ஆகஸ்ட்ல எடின்பரோ பல்கலைக்கழகத்து டீகோட்எம்இ குழு 15,579 நோயாளிகளோட மரபணுவைப் பாத்து, எட்டு இடத்துல வித்தியாசம் இருக்குன்னு சொல்லுச்சு. அதுல பல இடம் எதிர்ப்பு சக்தி, நரம்பு மண்டலம் சம்பந்தப்பட்டது. அவசரப்பட்டு நம்பியும் ஏமாந்திருக்காங்க. 2009ல எக்ஸ்எம்ஆர்வி வைரஸ்தான் காரணம்னு சயன்ஸ் இதழ்ல வந்துச்சு. கடைசியில அது ஆய்வுக்கூடத்துல கலந்த மாசுன்னு தெரிஞ்சு, 2011ல இதழே கட்டுரையைத் திரும்ப வாங்கிடுச்சு. அந்த ரெண்டு வருசம் நம்பி மருந்து சாப்பிட்ட நோயாளிகளை நினைச்சா எனக்கு இன்னைக்கும் ஆறலை. அதனால இதுதான் காரணம், இந்த மருந்துல குணம்னு யாராச்சும் காசு கேட்டா கொடுத்துடாதீங்க. இந்த நோய்க்குன்னு ஒப்புதல் வாங்கின மருந்து இன்னைக்கு ஒன்னும் இல்லை.

பல்லடம்_வாசி எழுதியது:

பருத்திக்கு அடிச்ச மருந்து, சாயத்தண்ணி இதெல்லாம்?

கோவை_நுண்ணுயிர் எழுதியது:

பூச்சிமருந்து நரம்பைக் கெடுக்கும்ங்கறது உண்மை, வாயையும் மூக்கையும் கட்டாம அடிக்கக்கூடாது. ஆனா இந்த நோய்க்கு அதுதான் காரணம்னு காட்டின ஆதாரம் இல்லை. சாயத்தண்ணி மேல எனக்கும் கோவம் உண்டு, அதுக்காக இல்லாததைச் சொல்ல மாட்டேன்.

காங்கேயம்_பட்டி எழுதியது:

நாளைக்கே தம்பியைக் கூட்டிட்டுப் போறேன் சாமி. இளங்கொடியை வெறுங்கையில எடுத்து வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டறதுதான் எங்க பழக்கம். இனி?

கோவை_நுண்ணுயிர் எழுதியது:

கையுறை போட்டு, மூஞ்சியை மூடிக்கிட்டு, சுண்ணாம்பு போட்டு ஆழமாப் புதைச்சிடுங்க. வீட்டுல மாசமா இருக்கற பொண்ணுங்க அந்தப் பக்கமே போகக்கூடாது.

ஈரோடு_செவிலி எழுதியது:

சோமனூர் தம்பி, அடுப்புகிட்ட கிறுகிறுப்புன்னீங்களே, அதை வீட்டுலயே கொஞ்சம் பாக்கலாம். பத்து நிமிசம் படுக்க வெச்சு நாடியும் பிரசரும் குறிச்சுக்கங்க. அப்பறம் சுவத்துல சாஞ்சு நிக்கச் சொல்லி, ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா பத்து நிமிசம் வரைக்கும் குறிங்க. பக்கத்துலயே நில்லுங்க, மயக்கம் வர்ற மாதிரி இருந்தா உடனே படுக்க வெச்சிடுங்க. நாடி 30க்கு மேல ஏறி நின்னாலும், பிரசர் விழுந்தாலும் அந்தக் கணக்கை எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க. இதுக்கு மட்டும் வைத்தியம் உண்டு. 2020ல நெதர்லாந்துல நோயாளிகளை சாய்மேசையில நிமித்தி வெச்சு மூளைக்குப் போற ரத்தத்தை அளந்தாங்க. நல்லா இருக்கறவங்களுக்கு 7 சதவீதம் குறைஞ்சுது, இவங்களுக்கு 26 சதவீதம். சீப்போட பேரு மறந்ததுக்கு அழுதாங்களே அந்தப் பொண்ணு, இதைப் படிச்சுக் காட்டுங்க.

சோமனூர்_தறி எழுதியது:

படிச்சுக் காட்டினேன்க்கா. ஒன்னும் பேசலை. ராத்திரி எங்கம்மாவைக் கூப்பிட்டு அவளே அந்த 26ஐச் சொன்னா.

நாடி படுத்திருக்கறப்ப 74, நின்னு எட்டாவது நிமிசம் 112. அதுக்கு மேல நிக்க வைக்கலை. ஃபெரிட்டின் 9தான் இருக்குது, அதுக்கு மாத்திரை ஆரம்பிச்சாச்சு. டிஎஸ்ஹெச் சரியா இருக்குது. புது டாக்டர் காலண்டரைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாப் பாத்தாரு. அடுப்பை இறக்கி வெச்சு, உக்காந்து கிளறற மாதிரி பலகை போட்டுட்டேன். மாடு ரெண்டையும் என்ற தங்கச்சி வீட்டுக்கு ஓட்டி விட்டாச்சு, அதுக்குத்தான் ரொம்ப அழுதா.

தை மாசம் மச்சான் வீட்டுல காதுகுத்து. தாய்மாமன் வீட்டு உறவுன்னா முன்னாடி நாளே போய் நிக்கணும். இவ போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. என்ன பண்றதுங்க?

திருப்பூர்_செக்கிங் எழுதியது:

கூட்டிட்டுப் போங்கண்ணா. முன்னாடி ரெண்டு நாள் படுக்க வைங்க, பின்னாடி நாலு நாள் ஒரு வேலையும் வைக்காதீங்க. ஸ்பீக்கர் இல்லாத ரூம்ல ஒரு பாய் போட்டு வைக்கச் சொல்லுங்க. காது குத்தற நேரத்துக்கு மட்டும் வெளிய வரட்டும், உக்காந்தே பாக்கட்டும். யாரு என்ன கேட்டாலும் நீங்க பதில் சொல்லுங்க, அவங்களைச் சொல்ல விடாதீங்க. பேசறதுக்கும் தண்ணி எறங்கும்.

சோமனூர்_தறி எழுதியது:

மச்சான்கிட்ட போன்ல சொல்லிட்டேன். மாடி ரூமை ஒழிச்சு வெக்கறேன்னாரு. மாடிப்படி ஏற முடியாது மாப்ள, கீழயே பாருங்கன்னேன். நெல்லு மூட்டை போட்டிருக்கற ரூமைக் காலி பண்றாங்களாம்.